எச்சரிக்கை: நாற்பது டிகிரி வானத்தை நெல்லையில் விற்கிறார்கள்

"கல்லூரித் தர அறிமுக வானியல், 12 வாரம், முழுக்க ஆன்லைன், செய்முறை கிட் வீட்டுக்கே வரும், கிரெடிட் உண்டு." கட்டணம் 18,500 ரூபாய். இந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் தென்மாவட்டங்களில் கொஞ்சம் பேர் இல்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே சரக்கு வேறு லேபிளில் வேறு கடையிலும் கிடைக்கிறது என்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதைவிடச் சரக்கை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உபயோகம். பாடப்பொருளையும் கிட்டையும் வரிவரியாகப் பார்த்ததில் தெரிந்தவை கீழே.

முதலில் கிட். அட்டைப்பெட்டிக்குள் ஒரு நட்சத்திர வட்டு (தேதியும் நேரமும் வைத்துத் திருப்பினால் அப்போதைய வானத்தைக் காட்டும் அட்டை), ஒரு பாகைமானி, நூல், நட்டு, உறிஞ்சுகுழல், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு டிஃப்ராக்ஷன் கிரேட்டிங் தாள். கடையில் வாங்கினால் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. அது போகட்டும். வட்டைத் திருப்பிப் பின்பக்கத்தின் கீழ் ஓரம் பாருங்கள். பொடி எழுத்தில் "40° வடக்கு" என்று இருக்கிறது. அது நியூயார்க், மாட்ரிட், பெய்ஜிங் பக்கத்து வானம். திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரியில்.

முப்பத்தொரு டிகிரி வித்தியாசம் என்றால் சும்மா இல்லை. வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியர் அந்த வட்டில் இல்லவே இல்லை. 40 டிகிரியில் அது தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. நெல்லையில் பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் ஏறத்தாழ 28 டிகிரி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். தென்சிலுவையும் வட்டில் கிடையாது. மே மாத இரவில் தெற்குத் தொடுவானத்திலிருந்து கையை நீட்டி இரண்டு முஷ்டி உயரத்தில் அதை இங்கே பார்க்கலாம். பதிலுக்கு, சப்தரிஷி மண்டலம் வருடம் முழுக்க மறையாமல் சுற்றுவதாக வட்டு காட்டுகிறது. இங்கே ஐப்பசி மாதச் சாயங்காலத்தில் அதைத் தேடினால் கழுத்துதான் வலிக்கும்.

வட்டு தப்பு என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். மதிப்பெண்ணும் அதே நாற்பது டிகிரியில் உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை.

மூன்றாம் வாரச் செய்முறை: துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளந்து, உங்கள் ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடியுங்கள் (இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்). பயிற்சி அருமையானது. உறிஞ்சுகுழலைப் பாகைமானியின் நேர் விளிம்பில் ஒட்டி, நடுவில் நூல் கட்டி நட்டைத் தொங்கவிட்டு, குழல் வழியாக நட்சத்திரத்தைப் பார்த்து, நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இன்னொருவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். நூல் காட்டுவது 81 என்றால் விடை 81 அல்ல. 90-லிருந்து கழித்து 9. பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தால் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்துவிடும்.

நெல்லையிலிருந்து ஒருவர் ஒழுங்காக அளந்து 8.5 என்று பதிவிட்டால் திரையில் வருவது: "தவறு. மீண்டும் அளக்கவும்." தானியங்கித் திருத்தியில் 35-க்கும் 45-க்கும் நடுவே இருக்கும் எண் மட்டுமே சரி. மொட்டைமாடிக்கே போகாமல் 40 என்று தட்டியவருக்கு முழு மதிப்பெண். உதவி மின்னஞ்சலுக்கு எழுதினால், அளக்கும் முறையை விளக்கும் அதே வீடியோவின் இணைப்பு திரும்பி வருகிறது. அளந்தவனுக்குப் பூஜ்யம், அளக்காதவனுக்கு நூறு என்கிற பாடத்துக்குச் செய்முறை என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்துக்குப் பாடம் எழுதத் தெரிந்தவர் என்றால் துருவ நட்சத்திரத்தையே கொடுத்திருக்க மாட்டார். ஒன்பது டிகிரி உயரத்தில் தூசியும் ஈரமும் அதன் ஒளியைத் தின்றுவிடும். மிச்சத்தைத் தென்னை மரம் மறைக்கும். அதற்குப் பதில் அகத்தியர் நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும்போது அளக்கலாம். அதன் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பது) தெற்கே 52.7. 90-லிருந்து அதைக் கழித்து, அளந்த உயரத்தையும் கழித்தால் அட்சரேகை. உயரம் 28.6 வந்தால் விடை 8.7. அதே கிட், அதே நூல், அதே நட்டு போதும்.

ஐந்தாம் வாரம் நிழல். ஒரு மீட்டர் குச்சியை நட்டு, பகல் 12 மணிக்கு நிழலின் நீளமும் திசையும் குறிக்க வேண்டும். இதில் இரண்டு தப்பு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நெல்லை 77.7-ல் இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.19-க்கு. அதிலும் பிப்ரவரி நடுவில் 12.33 ஆகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03 ஆகும். கடிகாரத்தைப் பார்த்து 12-க்கு அளப்பவர் கோணல் நிழலைத்தான் அளக்கிறார். சரியான வழி, 11.45-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்வது.

இரண்டாவது தப்பு பெரிது. "நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்பது அவர்கள் விடைத்தாளில் இருக்கிறது. கடக ரேகைக்குத் தெற்கே வாழும் எந்தக் குழந்தையும் முற்றத்தில் பார்த்து இதை மறுக்கும். நெல்லையில் ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கே 26 சென்டிமீட்டர். சரியாகச் செய்தவர் பாவம், இங்கேயும் மதிப்பெண் இழக்கிறார்.

கணினிச் செய்முறைகள் கதை வேறு. செவ்வாயின் பின்னோக்கு நகர்வு, நிலவின் பிறைகள் என்று ஆறு பயிற்சிகள். அதில் நான்கைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டம் மட்டும். எல்லாம் ஃப்ளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளில் செய்தவை. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷைக் கைவிட்டது; 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடி தடுத்தும்விட்டது. "ஃப்ளாஷ் பிளேயரை இணையத்தில் தேடி நிறுவிக்கொள்ளவும்" என்று பாடக்குறிப்பு இன்னும் சொல்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்று ஏதோ ஒரு தளத்தில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வைரஸ் மூட்டை.

செவ்வாய்ப் பயிற்சியை ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் கணினி மென்பொருளில் காசில்லாமல் செய்யலாம். எஃப்6 அழுத்தி ஊரை வையுங்கள். எஃப்5-ல் 2024 நவம்பர் 15, இரவு நேரம் வையுங்கள். செவ்வாயைத் தேடி நடுவில் நிறுத்துங்கள். ஏ, ஜி விசைகளால் காற்றுமண்டலத்தையும் தரையையும் அணைத்துவிட்டு, சமக்குறி விசையால் நாள் நாளாக நகர்த்துங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கடகத்தில் நின்று திரும்பும் செவ்வாய், 2025 பிப்ரவரி 24 அன்று மிதுனத்தில், புனர்பூச நட்சத்திரங்களின் அருகே மறுபடி நின்று முன்னே போகும். அரை மணி நேர வேலை. பஞ்சாங்கத்தில் "வக்ரம்" என்று படித்தது என்ன என்பதும் கண்ணுக்குப் புலப்படும்.

"எங்கள் பிரத்யேகப் பாடநூல்" என்று தனியே 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். உள்ளே 30 அத்தியாயங்கள். வரிசை, படங்கள், பயிற்சிக் கேள்விகள் எல்லாம் இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் வானியல் நூலேதான். ஃப்ராக்னாய், மோரிசன், வோல்ஃப் என்ற ஆசிரியர் பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை மட்டும் காணோம். அந்த நூலை யார் வேண்டுமானாலும் ஒரு பைசா இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உரிமப்படி விற்கக்கூடச் செய்யலாம், ஆனால் ஆசிரியர் பெயரைச் சொல்லியாக வேண்டும். போதாததற்கு இவர்கள் கொடுத்தது 2016-ன் முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பு 2022-லேயே வந்துவிட்டது.

பழைய சரக்கா என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: சனிக்கு எத்தனை நிலவுகள் என்று வினாடிவினாவில் பாருங்கள். 62 என்றால் பாடம் 2019-க்கு முந்தையது. 82 என்றால் 2019 கடைசிக்குப் பிறகு எழுதி, 2023-க்குப் பிறகு தொடவில்லை. 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து எண்ணிக்கை 274 ஆனது. எண்ணை மனப்பாடம் செய்வதில் ஒன்றுமில்லை. கேள்வித்தாளைக் கடைசியாக யார் எப்போது திறந்தார் என்பதற்கு அது தடயம், அவ்வளவே.

"தொலைநோக்கியை உங்கள் வீட்டிலிருந்தே இயக்கலாம்" என்பது விளம்பரத்தின் பெரிய தூண்டில். கிடைப்பது ஒரு ஜேபெக் படம்: சிவப்பும் நீலமுமாக ஒரு நெபுலா. உண்மையில் தொலைநோக்கி எடுத்த படம் என்றால் ஃபிட்ஸ் கோப்பு (வானியலாளர்கள் மூலப் படத்தைச் சேமிக்கும் வகை) இருக்கும். அதன் தலைப்பகுதியில் படம் எடுத்த தேதி, உலக நேரம், எத்தனை விநாடி எக்ஸ்போஷர், எந்த ஃபில்டர் என்பதெல்லாம் பதிவாகியிருப்பது வழக்கம். அந்தத் தேதியையும் நேரத்தையும் ஸ்டெல்லேரியத்தில் போட்டு, தொலைநோக்கி இருப்பதாகச் சொன்ன ஊரையும் வைத்துப் பாருங்கள். அந்த நெபுலா அப்போது தொடுவானத்துக்குக் கீழே இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜேபெக்கை வைத்து நட்சத்திரத்தின் ஒளியளவைக் கணக்கிடவும் முடியாது. நிறம் மெருகேற்றும்போதே படப்புள்ளிகளின் ஒளி எண்கள் சிதைந்துவிடுகின்றன. ஃபிட்ஸ் கேட்டால் "அது மேல்நிலைப் பாடத்தில்" என்கிறார்கள். மேல்நிலைப் பாடத்துக்குக் கட்டணம் தனி.

வானத்தை நேரில் பார்க்கும் நான்கு ஒப்படைப்புகளுக்கும் கெடு அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை தெரியாதவர் போட்ட அட்டவணை. மேகம் என்று எழுதினால் "தாமதக் கழிவு 20 சதவீதம்."

சான்றிதழில் நாசா சின்னம் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தனியார் வகுப்புகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது நாசாவின் வேலையல்ல. "குறுங்கோள் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ்" என்று இன்னொன்றும் சேர்த்து விற்கிறார்கள். அதற்கு அடிப்படையான சர்வதேசக் குறுங்கோள் தேடல் திட்டத்தில் பங்கேற்க அங்கே கட்டணமே இல்லை. அதில் கிடைக்கும் முதல்கட்டக் கண்டறிதல் உறுதியாகி எண் பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

கிரெடிட் விஷயத்தில்தான் பிள்ளைகள் நிஜமாகவே அடிபடுகிறார்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இணையவழிப் பாடங்களிலிருந்து எடுக்கலாம் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதி சொல்வது மத்திய அரசின் ஸ்வயம் தளத்துப் பாடங்களுக்கு. அதையும் உங்கள் கல்லூரி ஏற்றாக வேண்டும். "யுஜிசி விதிப்படி கிரெடிட்" என்று இந்த விற்பனையாளர்கள் சொல்வது அந்த விதியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம். பணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம், "இந்தப் பாடம், இந்த நிறுவனம், இத்தனை கிரெடிட் ஏற்கப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் பருவக் கடைசியில் செல்லாது.

பணம் கட்டும் விதத்தையும் கவனியுங்கள். "மாதம் 1,542 மட்டும், வட்டி இல்லை" என்பது தவணை அல்ல, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். வகுப்பை விட்டாலும் கடன் விடாது. கட்டாமல் நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிபடும். கடனின் முக்கிய விவர அறிக்கையில் கூலிங்-ஆஃப் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குள் அபராதமில்லாமல் கடனைத் திருப்பி வெளியேறலாம். அது சில நாள்தான், ஆகவே கிட் வரும்வரை காத்திருக்காதீர்கள். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் செயலிக்குள் போய் நீங்களே ரத்து செய்யுங்கள், அவர்களிடம் கெஞ்ச வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரப் பக்கம், பாடத்திட்டம், "தவறு" என்று வந்த திரை, திறக்காத ஃப்ளாஷ் கட்டம், வட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் பதில் வராது. "ஆறில் நான்கு செய்முறை திறக்கவில்லை, விடைத்தாள் 8.7 டிகிரிக்குப் பொருந்தவில்லை, வாக்களித்தது இது, தந்தது இது" என்று எழுதுங்கள், அது சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

வானியல் படிக்கத்தான் ஆசை என்றால் ஸ்வயத்தில் சேர்வதற்குக் காசில்லை, கண்காணிப்புத் தேர்வு எழுதினால்தான் கட்டணம். இஸ்ரோவும் டேராடூனில் இருக்கும் தன் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ் வழியாக ஸ்டார்ட் என்ற அறிமுக வகுப்பை இணையத்தில் நடத்துகிறது. பாடநூலுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ், வானத்துக்கு ஸ்டெல்லேரியம். வட்டு வேண்டுமானால் 10 டிகிரி வடக்குக்குச் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கும் அது ஒத்துவரும். தொடங்குவது ஜனவரியில் இருக்கட்டும், மழை போய் வானம் திறந்திருக்கும், அகத்தியரும் வந்திருப்பார்.