48 மெகாபிக்சல் போன்: கோயில் வெளிச்சத்திலும் வயல் வெயிலிலும்

சில வருடங்களாகக் கும்பகோணம் சுற்று வட்டாரத்தில் கோயில், நடவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் 48 மெகாபிக்சல் போன் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். அந்த 48 பகலுக்கு மட்டும்தான் என்பது என் கணக்கு.

தாராசுரத்தில் காலை வெயிலில் முழு 48-இல் எடுத்தால், யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பத்தில் கல்லின் சொரசொரப்பு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். அதே மோடில் இரவு சுவாமி புறப்பாட்டை எடுத்தால் பட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். ஜரிகை எங்கே என்று தேட வேண்டும். 12 மெகாபிக்சலுக்கு மாற்றினால் ஜரிகைக் கரை தனியாகத் தெரிகிறது.

எல்லாம் பிக்சல், அதாவது ஒளியை வாங்கும் ஒவ்வொரு சின்னக் கட்டத்தின் அளவால் வருவது. 2018-இல் சோனி அறிவித்த 48 மெகாபிக்சல் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), என் போனிலும் அதே அளவுதான். அவ்வளவு சின்ன இடத்தில் விழும் ஒளி கொஞ்சம், அதனால் நாய்ஸ் தூக்கலாகத் தெரியும். அடுத்தடுத்த நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிற ஃபில்டரைப் போட்டு, இருட்டில் நான்கையும் சேர்த்து 1.6 மைக்ரான் பிக்சல்போல வாசிக்கிறார்கள். 48 அப்போது 12 ஆகிவிடும்.

இந்த அளவுக்குச் சுருக்கியதே பெரிய வேலைதான். முன்பு உலோக இணைப்புகள் ஒளிக்குக் குறுக்கே இருந்தன. சென்சாரைத் திருப்பிப்போட்டு, பின்பக்கமாக ஒளியை விட்டார்கள். அப்புறம், ஒரு பிக்சலில் விழுந்தது அடுத்ததில் கசியாமலிருக்க, வயலுக்கு வரப்பு மாதிரி நடுவில் தடுப்பு. சாம்சங் 2022-இல் 0.56 மைக்ரானுக்கே இறங்கிவிட்டது. பச்சை ஒளியின் அலைநீளமே ஏறக்குறைய 0.55 மைக்ரான்! இன்னும் எங்கே சுருக்குவார்களோ. போன் வாங்குகிறவர்கள் மெகாபிக்சலை விட்டுவிட்டு சென்சாரின் மொத்த அளவைப் பாருங்கள்.

திருவிழா சீரியல் செட்டில் சில நேரம் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும். சென்சார் வரி வரியாக வாசிக்கிறது, சில எல்இடி விளக்குகளோ நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. ப்ரோ மோடில் ஷட்டரை (ஒளியை வாங்கும் நேரம்) 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

எனக்குப் பிடிக்காதது எச்டிஆர், அதாவது வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் வசதி. நடவு வயலில் தேங்கிய தண்ணீர் வானத்தைக் காட்டிப் பளீரென்று வெளுக்கும். அதைச் சரிசெய்யப் பல படங்களை ஒட்டும்போது, நாற்றை ஊன்றும் கை இரண்டாகத் தெரிகிறது. எச்டிஆரை அணைத்துவிட்டு, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) கொஞ்சம் இறக்கித்தான் எடுக்கிறேன். முகம் சற்றுக் கருக்கும், பரவாயில்லை.