தேனீ ஹோட்டல்: மரக்கட்டைக்காக வாங்கலாம், மற்ற அறைகளுக்காக வேண்டாம்

கூரை வைத்த சின்ன மரவீடு. மேலே வைக்கோல், நடுவில் துளை போட்ட மரக்கட்டை, அதன் பக்கத்தில் மூங்கில் குழல்கள், கீழே பைன் காய்கள், ஓரத்தில் பட்டாம்பூச்சிக்கென்று நீளமான பிளவு வைத்த ஓர் அறை. தேனீ ஹோட்டல் என்ற பெயரில் பரவலாக விற்கும் இதை வாங்கி மாட்டி, பூக்கும் பருவம் முழுக்கக் கவனித்துவிட்டு எழுதுகிறேன். தோட்டத்தில் பூச்சிகளும் பறவைகளும் நிறைய இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கண்ணில் இது எப்படியும் படும். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில், இதில் தேன் கிடைக்காது. உலகில் ஏறக்குறைய 20,000 வகைத் தேனீக்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று கூடு கட்டி, தானே மகரந்தம் சேர்த்து, தானே முட்டை இடும். காக்க வேண்டிய பெரிய கூடு இல்லாததால் லேசில் கொட்டவும் கொட்டாது. இவற்றில் அதிகமானவை மண்ணில் குழி தோண்டிக் கூடு வைப்பவை. மீதி உள்ளவைதான் காய்ந்த தண்டின் உள்ளேயும், பட்ட மரத்தில் வண்டு குடைந்த துளையிலும் குடியேறுகின்றன. காய்ந்ததையெல்லாம் உடனுக்குடன் வெட்டிப் பெருக்கும் தோட்டத்தில் அவற்றுக்கு இடமே இருக்காது. அந்தக் குறையைத்தான் இந்தப் பெட்டி தீர்க்க வேண்டும்.

மரக்கட்டை அறை தீர்த்தது. நல்ல கெட்டி மரம், துளைகள் வழவழப்பாக, சிம்பு இல்லாமல் இருந்தன. சிறியதும் பெரியதுமாக 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை போட்டிருந்தார்கள். இது முக்கியம். வகைக்கு வகை உடம்பு அளவு மாறும், உடம்புக்குப் பொருந்தும் துளையைத்தான் தேனீ தேர்ந்தெடுக்கும். மாட்டிய கொஞ்ச நாளிலேயே இலைவெட்டித் தேனீ வந்துவிட்டது. ரோஜா இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, தாடையால் வளைவாக நறுக்கி, வெட்டிய துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்து வரும். நறுக்கச் சில நொடிதான் ஆகும். துளைக்குள் இலையை அடுக்கிக் கிண்ணம் மாதிரி செய்துகொண்டு, பிறகு மகரந்தம் கொண்டுவரும். இதற்குக் காலில் மகரந்தக் கூடை இல்லை, வயிற்றின் அடிப்பக்கத்து ரோமத்தில்தான் ஒட்டி வரும். அதனால் உள்ளே நுழையும்போது வயிறு மஞ்சளாக இருக்கும், வெளியே வரும்போது வெறுமையாக இருக்கும். மகரந்தமும் பூந்தேனும் கலந்த உருண்டைமேல் ஒரு முட்டை, அதற்கு ஓர் இலைச் சுவர், அடுத்த அறை. கடைசியில் வட்டமாக வெட்டிய இலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வாசலை அடைத்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா என் ரோஜாச் செடியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இலையெல்லாம் ஓட்டையா இருக்கு, மருந்து அடிக்கலையா?" என்று கேட்டார். கையோடு கூட்டிப்போய்க் கட்டையைக் காட்டினேன். மருந்து அடிக்கிற தோட்டத்தில் இந்தப் பெட்டியை மாட்டவே கூடாது. வரும் தேனீயை நாமே கூப்பிட்டுக் கொல்வதுபோல் ஆகும்.

சில துளைகளை மண் வைத்துக் குளவிகள் அடைத்தன. அதைப் பார்த்துப் பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள். அந்தக் குளவிகள் தம் குஞ்சுகளுக்காகப் பிடித்து அடைப்பது செடி தின்னும் புழுக்களைத்தான்.

மூங்கில் அறைதான் பெரிய ஏமாற்றம். குழல்கள் விரல் நீளம்கூட இல்லை. வாய்ப்பக்கம் சிம்பு சிம்பாக நிற்கிறது, அதில் இறக்கை கிழியும். பின்பக்கமும் திறந்தே கிடக்கிறது. நீளம் ஏன் முக்கியம் என்றால், தாய்த் தேனீ குழலின் உள்பக்கத்தில் பெண் முட்டைகளையும் வாசல் பக்கம் ஆண் முட்டைகளையும் இடும். குழல் குட்டையானால் பெண் தேனீக்கள் குறைந்துபோகும். அடுத்த தலைமுறைக்குக் கூடு கட்ட ஆள் வேண்டாமா? 15 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். நான் அந்தக் குழல்களைப் பிடுங்கிவிட்டு, ஒரு பக்கம் கணு அடைத்த நீள மூங்கில்களை வெட்டி, வாயை உப்புத்தாளால் தேய்த்துக் கட்டி வைத்தேன். அவற்றிலும் இப்போது இலை அடைப்பு தெரிகிறது.

வைக்கோல், பைன் காய், பட்டாம்பூச்சி அறை மூன்றும் அலங்காரம். அந்தப் பிளவுக்குள் பட்டாம்பூச்சி எதுவும் நுழையவில்லை, சிலந்திதான் வலை கட்டியது. பட்டாம்பூச்சிக்கு வேண்டியது அதன் புழு தின்னும் செடி.

பெட்டியோடு வந்த கயிற்றையும் பயன்படுத்தாதீர்கள். காற்றில் ஆடும் பெட்டியில் தேனீ தங்காது. காலை வெயில் விழும், மழைச்சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து, மார்பு உயரத்தில் சுவரோடு ஆணி அடித்து இறுக்கிவிடுங்கள். இந்தப் பெட்டியின் கூரை முன்பக்கம் போதுமான அளவு நீளவில்லை. நான் ஒரு பலகை சேர்த்தேன்.

பராமரிப்பைப் பற்றிப் பெட்டிமேல் ஒரு வரிகூட எழுதவில்லை. இது சரியில்லை. ஒரே இடத்தில் பல கூடுகள் நெருக்கமாக இருந்தால் உண்ணிப்பூச்சியும் பூஞ்சையும் சேரும். தேனீக்கள் வெளியேறிய பிறகு குழல்களை மாற்ற வேண்டும், கட்டையின் துளைகளைச் சன்னமான பிரஷால் துடைக்க வேண்டும். இதில் கட்டை வீட்டோடு ஒட்டியிருப்பதால் தனியாகக் கழற்ற முடியவில்லை. பிளாஸ்டிக், கண்ணாடிக் குழல் வைத்த வகைகளும் விற்கிறார்கள். அவற்றில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், வேண்டாம்.

அப்புறம், மண்ணில் குடியிருக்கும் தேனீக்களுக்காக வெயில் படும் மூலையில் கொஞ்சம் இடத்தைக் கொத்தாமல், மூடாமல் வெறும் மண்ணாக விட்டிருக்கிறேன். இதற்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த மதிப்பெண் முழுக்க மரக்கட்டைக்குத்தான். துளை போட்ட கட்டை மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சின்னக் கட்டைகள் இரண்டு மூன்றைத் தள்ளித் தள்ளி மாட்டினால் நோய் பரவுவதும் குறையும்.