கரை ரோட்டு டூயத்லானுக்கு எந்த சைக்கிள்: சாக் வைத்ததா, வைக்காததா, ஹைபிரிடா, பழையதா?

என் தங்கை மகன் கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடுகிறவன். மண் தடத்தில் நடக்கும் டூயத்லானில் இறங்க ஆசைப்பட்டு, "மாமா, 20 ஆயிரத்துக்குள்ள ஒரு எம்.டி.பி. வேணும்" என்று வந்தான். எம்.டி.பி. என்றால் மவுண்டன் பைக், கரடுமுரடான தடத்தில் ஓட்டும் தடித்த டயர் சைக்கிள். ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம், அதுதான் டூயத்லான். தார்ச்சாலையில் 5 கி.மீ., 20 கி.மீ., 2.5 கி.மீ. என்பது பரவலான சிறிய அளவு. மண்ணில் தூரம் இடத்துக்கு இடம் மாறும். தெரிந்தவர்களிடம் வண்டிகளைக் கேட்டு வாங்கி, கொள்ளிடக் கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் நம் மண்ணைச் சொல்ல வேண்டும். டெல்டாவில் மலை கிடையாது. வயலிலிருந்து கரைமேல் ஏறும் சரிவுதான் பெரிய ஏற்றம், நாலு மிதியில் முடிந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி ஈர மண்ணில் பதித்துவிட்டுப் போகும் தடம், காய்ந்தபின் கல்லாக நிற்கும். ஆற்றோரம் மணல் சக்கரத்தை விழுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டல் களி டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. எல்லாக் காலத்திலும் கருவேல முள்.

கடையில் இந்த விலைக்கு முதலில் காட்டுவது முன்னால் சாக் (அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) வைத்த வண்டியைத்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த விலையில் வரும் சாக்கில் இருப்பது இரும்பு ஸ்பிரிங். அந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) மட்டுமே இரண்டரைக் கிலோ அளவுக்கு வரும், வண்டி மொத்தம் 15, 16 கிலோ. பையனின் எடை 56 கிலோ. அந்த ஸ்பிரிங் அவனுக்கு மிகவும் கெட்டி. பெல்ட் வண்டித் தடத்தில் ஓட்டும்போது சாக் அரை அங்குலம்கூட இறங்கவில்லை, அதிர்ச்சி முழுக்கக் கைக்குத்தான் வந்தது. ஆனால் எழுந்து நின்று மிதித்தால் மட்டும் ஆடியது. ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒல்லி, அதனால் இது அவன் ஒருவனுடைய பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் துருவும் பிடிக்கும். பின்னாலும் சாக் வைத்த மலிவு வண்டி இன்னும் கனம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஹைபிரிட், அதாவது தார்ச்சாலை சைக்கிளுக்கும் எம்.டி.பி.க்கும் நடுவில் வரும் ஒல்லி டயர் வண்டி, எனக்கு ஆச்சரியம் தந்தது. மாசி, பங்குனியில் காய்ந்து இறுகிய கரை ரோட்டில் வேறு எந்த வண்டியும் அதன் வேகத்தை எட்ட முடியவில்லை. மணல் வந்ததும் ஒல்லி டயர் புதைந்தது. களியில் இன்னும் மோசம்: டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இடைவெளி குறைவு, மண் அடைத்து நின்றுவிட்டது. கோடையில் மட்டும் போட்டிக்குப் போகிறவர் தாராளமாக வாங்கலாம்.

சாக் இல்லாத நேர் ஃபோர்க் எம்.டி.பி.தான் எங்கள் மனதில் நின்றது. இரண்டு அங்குல டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றைக் குறைத்தால் டயரே சாக் வேலையைப் பார்க்கிறது, மணலிலும் மிதக்கிறது. (எடை கூடியவர் காற்றையும் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கல்லில் இடித்து டியூப் கிழியும்.) வண்டி கனம் குறைவு என்பது இங்கே பெரிய விஷயம். சக்கரம் சுற்றாத களியில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத்தான் வேண்டும், அந்த ஓட்டமும் போட்டியில் சேர்த்தி.

கியரே வேண்டாம், சிங்கிள் ஸ்பீடு போதும் என்று நான் முதலில் நினைத்தேன். ஆடிக் காற்று அந்த எண்ணத்தை மாற்றியது. கல்லணையை நோக்கி எதிர்க்காற்றில் மிதிப்பது மலை ஏறுவதுபோலத்தான். பின்னால் ஏழு கியர் இருந்தால் நமக்குப் போதும், முன்னால் மூன்று பல்சக்கரம் தேவையில்லை. பிரேக்கில் டிஸ்க் நல்லது. வி-பிரேக் ரிம்மைப் பிடிப்பதால் களி அப்பினால் வழுக்கும்.

சரி, பழைய வண்டி? காற்று சாக் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது), ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டி புதிதாக வாங்கினால் எங்கள் பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பழையதாக வந்தால் ஆசைதான். ஆனால் அந்தச் சாக்குக்கு சர்வீஸ் செய்ய ஆள் பக்கத்தில் வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர் ஃப்ரீவீல் மாற்றுவார், கோணல் ரிம்மை நிமிர்த்துவார், காற்று சாக்கைத் திறக்க மாட்டார். திருச்சியில் இருப்பவர் யோசிக்கலாம், வேதாரண்யத்தில் இருப்பவர் வேண்டாம்.

கடைசியில் 27.5 அங்குல நேர் ஃபோர்க் வண்டி வாங்கினோம். மிச்சப் பணத்தில் நல்ல டயர் இரண்டு, முள் குத்தின ஓட்டையை அடைக்க டியூபுக்குள் ஊற்றும் சீலண்ட், ஹெல்மெட். அந்த அளவு டியூப் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை, அவசரத்துக்கு 26 அங்குல டியூப் பொருந்தும் என்பது தெரிந்ததும் நிம்மதி. பெடல் சாதாரணத் தட்டைப் பெடல்தான். ஓடுகிற ஷூவோடு அப்படியே ஏறி, அதே ஷூவோடு இறங்கி ஓடுகிறான்.