கழுத்தில் பழைய அடி உள்ளவர்கள் தீம் பார்க் டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள்

மே மாத லீவில் சென்னைக்கு வெளியே உள்ள ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். இன்றோடு பத்தொன்பது நாள். இன்னும் எனக்கு வலது பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் தோள்பட்டையிலிருந்து கட்டைவிரல் வரை சுள்ளென்று இழுக்கிறது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும். லீவு இன்னும் முடியவில்லை, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

2019-இல் திண்டிவனம் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போது வேகத்தடையில் பிரேக் பிடித்தேன், பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்தது. ஆறு வாரம் காலர், அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தேன். "வலி போயிடுச்சுன்னு மறந்துடாதீங்கம்மா, கழுத்தை எதிர்பாராம வெட்டி இழுக்கிற எதுவும் வேண்டாம்" என்று அப்போதே டாக்டர் சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. அதனால்தான் கவுன்டரிலேயே கேட்டேன்.

"எனக்குக் கழுத்துல டிஸ்க் பிரச்சினை இருக்கு தம்பி. நான் ரைடு ஏறமாட்டேன், உள்ளே போக மட்டும் டிக்கெட் இருக்கா?"

"அப்படி எதுவும் கிடையாது மேடம். எல்லாருக்கும் 1,400தான். பாதிக்கு மேல ஃபேமிலி ரைடுதான், நீங்க தாராளமா ஏறலாம். உள்ள டாக்டரே இருக்காரு."

நான்கு பேருக்கும் முழு டிக்கெட் எடுத்தோம். மதியம் பெரியவள்தான் காட்டினாள்: மூன்றாவது கவுன்டருக்குப் பக்கத்தில், 'ரைடு ஏறாதவர்களுக்கு 500 ரூபாய்' என்று ஒரு போர்டு. திரும்பிப் போய்க் கேட்டால், கையில் பட்டை கட்டிவிட்டால் பணம் திரும்பாதாம்.

பணம் போனது போகட்டும். ரோலர் கோஸ்டர், மேலேயிருந்து தொப்பென்று இறக்கும் கோபுரம், ஊஞ்சல் மாதிரி தலைகீழாகச் சுற்றும் ராட்டினம், இவை எதன் பக்கமும் நான் போகவில்லை. சின்னவன் டேஷிங் கார் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தான், கூடப் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்றார்கள். வெயிலில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். கேட்டை நெருங்கும்போதுதான் ஒரு பலகை கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் பாதியைக் கூல்டிரிங்க்ஸ் பேனர் மறைத்திருந்தது. எட்டிப் பார்த்தால் இதயம், முதுகு, கழுத்து, கர்ப்பம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டுகிற பையனிடம் மறுபடியும் சொன்னேன். "சின்னப் பசங்க ஓட்டுறதுக்கா. நேருக்கு நேர் மோத விடமாட்டோம்" என்றான். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, மகன் கையைப் பிடித்து இழுக்க, உட்கார்ந்துவிட்டேன். அங்கே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

நேருக்கு நேர் யாரும் மோதவில்லை. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வேகமாக வந்து பின்னாலிருந்து இடித்தார்கள். வேன் இடித்த அதே மாதிரி.

அந்த இடியில் நடப்பதை என் பிசியோதெரபிஸ்ட் இப்போது விளக்கினார். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. பின்னாலிருந்து இடித்தால் சீட்டோடு சேர்ந்து உடம்பு முன்னால் போகும், தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு வெடுக்கென்று முன்னால் வரும். வருவதைக் கண்ணால் பார்த்தால் கழுத்துத் தசை தானாக இறுகிக்கொள்ளும். பார்க்காதபோது அந்தக் காப்பும் இல்லை. ஆகவே உயரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்து ரைடை எடைபோட்டது என் தப்பு. ஏறுவதற்கு முன் ஒரு சுற்று முழுக்க வெளியே நின்று, உட்கார்ந்திருப்பவர்களின் தலையை மட்டும் பாருங்கள். திருப்பத்தில் தலை பக்கவாட்டில் ஒடிகிறதா, தோளை அமுக்கும் கம்பியில் காது போய் இடிக்கிறதா, கடைசியில் பிரேக் போடும்போது எல்லாத் தலையும் ஒன்றாக முன்னால் விழுகிறதா என்று தெரிந்துவிடும். தண்ணீர்ச் சறுக்கு மெத்தென்று இருக்கும் என்று நம்ப வேண்டாம். மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதே கழுத்துக்குப் பாரம், அடியில் தண்ணீரில் மோதி நிற்பது இன்னொரு அடி. பாயில் குப்புறப் படுத்துத் தலை முன்னால் போகிற சறுக்கு வேண்டவே வேண்டாம். அலைக்குளத்தில் ஆழம் குறைந்த ஓரத்தில் நின்றாலும் மேலே வந்து விழுகிறவர்கள் உண்டு. மெதுவாகச் சுற்றும் ஜெயன்ட் வீல், பொம்மை ரயில், மிதவையில் உட்கார்ந்து போகும் ஓடை, இவ்வளவுதான் இனி எனக்கு. காலர் போட்டுக்கொண்டு ஏறலாமே என்றாள் ஒரு தோழி. காலர் இந்த மாதிரி குலுக்கலைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. கழுத்தில் பிளேட் வைத்தவர்கள் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் எதிலும் ஏறக் கூடாது. எலும்பைச் சேர்த்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்குகள் ஏற்கெனவே கூடுதல் பாரம் சுமக்கின்றன.

இதைவிட எனக்கு ஆத்திரம் முதலுதவி அறையை நினைத்தால்தான். டாக்டர் இல்லை. சீருடை போட்ட ஒருவர் ஸ்ப்ரே அடித்துவிட்டு, "சுளுக்குதான், ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிடும்" என்று தாடையைப் பிடிக்க வந்தார். கத்திவிட்டேன். தயவுசெய்து யாரையும் கழுத்தில் சொடக்கெடுக்க விடாதீர்கள், சலூனிலும்தான். அடிபட்ட கழுத்தைத் திருகினால் நரம்புக்கும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கும் ஆபத்து. பிறகு ஒரு தாளை நீட்டினார். 'ஏற்கெனவே இருந்த வலி, நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் பதற்றத்தில் பேனாவை எடுத்துவிட்டார், நான் தடுத்தேன். நடந்ததைப் பதிவேட்டில் எழுதச் சொன்னோம், எழுதவில்லை.

அன்று இரவு வலி பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் காலைதான் கழுத்து பலகையாக இறுகிப்போனது. இது இப்படித் தாமதமாகத்தான் வருமாம், அதனால் அன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், நடை தடுமாறினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் 'பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து நாங்களும் முதலில் சோர்ந்துபோனோம். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதையும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். டிக்கெட், கைப்பட்டை, மறைந்திருந்த அந்தப் பலகையின் படம், மறுநாள் எடுத்த ஸ்கேன், எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். பலகையைப் படம் எடுத்தது பெரியவள், அந்தப் புத்தி எனக்கு அன்று வரவில்லை.

போன வாரம் பார்க்கிலிருந்து போன் வந்தது. புகாரை வாபஸ் வாங்கினால் குடும்பத்துக்கே இலவச டிக்கெட் தருகிறார்களாம். டிக்கெட் வேண்டாம், அந்தப் பலகையைத் தமிழில் எழுதி வரிசை தொடங்கும் இடத்திலேயே வையுங்கள், கவுன்டரில் 500 ரூபாய் டிக்கெட்டைக் கேட்பவர்களுக்கு இல்லையென்று சொல்லாதீர்கள் என்றேன். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாக வைத்தார்கள். இன்னும் கூப்பிடவில்லை.