56 வாரம் 5 வாரமான கதை: இரண்டு சார்ட் புத்தகங்களோடு முப்பது வருடம்

1994-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிரே தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில், அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது அது. இப்போது அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ பெயர். 1952-இலிருந்து 1990 முடிய பிரிட்டிஷ் சார்ட்டில், அதாவது வாராவாரம் அதிகம் விற்ற பாட்டுகளின் பட்டியலில், ஏறிய ஒவ்வொரு பாடலையும் பாடகர் பெயர் வரிசையில் அடுக்கிய தடிப் புத்தகம். என்று ஏறியது, எந்த இடம் வரை போனது, எத்தனை வாரம் நின்றது என்று பாட்டுக்கு ஒரே வரி. படமும் இல்லை, கதையும் இல்லை. 20 ராண்ட் என்று பென்சிலில் எழுதியிருந்தது. நான் புரட்டிக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "அண்ணா, இதை யாரும் தொடுறதே இல்ல. 15 கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இரண்டாவது புத்தகம் அமெரிக்க இசைப் பத்திரிகை 'பில்போர்ட்' வெளியிடும் சார்ட்டுக்கானது. 2003-இல் மகள் வாங்கி வந்தாள். அம்மிக்கல் கனம். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துவிடும். வீட்டில் முன்னதைக் 'குண்டன்' என்றும், பின்னதைத் 'தடியன்' என்றும் சொல்வோம். இரண்டையும் இத்தனை வருடம் பயன்படுத்திய பிறகு யாராவது 'வாங்கலாமா?' என்று கேட்டால் என்ன சொல்வேனோ, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் குறைகள். டர்பனில் கடல் காற்று, புத்தகத்துக்கு எமன். குண்டனின் பசை நாலே வருடத்தில் காய்ந்து, தாள் தாளாகக் கையோடு வந்தது. ராமபாணப் பூச்சி 'எஸ்' வரிசையில் குடியேறி விட்டது. சாட்ஸ்வொர்த்தில் ஒருவரிடம் பைண்டிங் பண்ணக் கொடுத்தேன். அவர் அழகாகத் துணி அட்டை போட்டார். ஆனால் ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று கத்தியை ஒரு நூல் உள்ளே இறக்கிவிட்டார். வலப்பக்கத் தாள்களில் கடைசிக் கட்டம்தான் 'எத்தனை வாரம்' என்பது. பல பக்கங்களில் அதன் கடைசி இலக்கம் போய்விட்டது. போனது தெரியாது என்பதுதான் கொடுமை. 12 போய் 1 நின்றால், அது 1 மாதிரியேதானே இருக்கும்?

இதில் மாட்டியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் நம் மெட்ராஸில் 1936-இல் பிறந்தவர். இயற்பெயர் ஆர்னால்ட் டோர்சி. சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரைத் தூக்கித் தனக்கு வைத்துக்கொண்டார். 1967-இல் இவருடைய 'ரிலீஸ் மீ' பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தபோது, பீட்டில்ஸின் 'பென்னி லேன்' - 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' இசைத்தட்டு 2-ஆம் இடத்தோடு நின்றது. அதற்கு முன் பீட்டில்ஸ் வரிசையாக 11 தட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். அந்த வரிசையை உடைத்தது மெட்ராஸில் பிறந்த ஆள். இதை நான் கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், "ஆனா பாரு, சார்ட்டில் மொத்தமே 5 வாரம்தான் நின்னுது" என்றும் சேர்த்துக்கொள்வேன்.

என் மச்சான் ஒருநாள் சிரித்தார். "பின்பக்கம் முதலிடப் பட்டியல் இருக்கே, அதைப் பாருங்க மச்சான்" என்றார். பார்த்தேன். 'ரிலீஸ் மீ' முதலிடத்தில் மட்டுமே 6 வாரம். மொத்தம் 5 வாரம் சார்ட்டில் இருந்த பாட்டு 6 வாரம் எப்படி முதலிடத்தில் இருக்கும்? உண்மை 56 வாரம். 6 பைண்டர் கத்திக்குப் பலி. பந்தயத்தில் தோற்றதற்கு மச்சானுக்கு ஆட்டுக்கறி பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வலப்பக்க எண் எதையும் பின்பக்கத்தோடு ஒத்துப் பார்க்காமல் சொல்வதில்லை.

இந்தப் பின்பக்கம்தான் உண்மையான புதையல். முன்பக்கம் ஒரு பாட்டைத் தனியாகக் காட்டும். தேதி வரிசையில் உள்ள முதலிடப் பட்டியல் அக்கம்பக்கத்தைக் காட்டும். ஒரு பாட்டு எத்தனையாவது இடம் என்பதில் எனக்குப் பெரிய சுவை இல்லை. மேலே யார், கீழே யார், அதுதான் வேடிக்கை.

குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 கிறிஸ்துமஸை ஒட்டி 9 வாரம் முதலிடம். பாட்டின் நடுவில் 'மாமா மியா' என்று திரும்பத் திரும்பக் கத்துவார்கள். 1976 ஜனவரி கடைசியில் அதை இறக்கிவிட்டு ஏறிய பாட்டு எது? ஆபா குழுவின் 'மாமா மியா'. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரி. கண்ணில் பட்ட அன்று சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "கறி அடிப்பிடிக்குது" என்றாள். குயீன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி இறந்த பிறகு, 1991 கிறிஸ்துமஸில் அதே பாட்டு மறுபடி முதலிடம் பிடித்தது குண்டனில் இல்லை. புத்தகம் 1990-உடன் முடிகிறது. அந்த வரி என் பென்சில் எழுத்து.

1990-உடன் முடிவதிலும் ஒரு வேடிக்கை. முதலிடப் பட்டியலின் கடைசி வரி கிளிஃப் ரிச்சர்டின் 'சேவியர்ஸ் டே'. அவர் 1940-இல் லக்னோவில் பிறந்தவர். முதல் முதலிடம் 1959. ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை ஐந்து பத்தாண்டுகளிலும் முதலிடம் தொட்டுவிட்டார். முதல் வரி 1952 நவம்பர் 14, ஆல் மார்ட்டினோ. அந்த முதல் சார்ட்டுக்குப் பெயர் 'டாப் 12'. ஆனால் சில இடங்களை இரண்டிரண்டு பாட்டுகள் பங்கு போட்டுக்கொண்டதால் அதில் இருந்தவை 15. தொடக்கமே கணக்குப் பிசகு.

1984 கிறிஸ்துமஸ் இன்னொன்று. வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 2-ஆம் இடம். தடுத்தது எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பலர் கூடிப் பாடிய 'பேண்ட் எய்ட்' தட்டு. அதில் பாடியவர்களில் ஒருவர் வாம் குழுவின் ஜார்ஜ் மைக்கேல். தன் காலைத் தானே வாரிவிட்ட மாதிரி. அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் ஏற 2021 ஜனவரி வரை, 36 வருடம், காத்திருந்தது.

தடியனில் இதற்குத் தம்பி ஒன்று உண்டு. 1986 ஏப்ரலில் பேங்கிள்ஸ் குழுவின் 'மேனிக் மண்டே' அமெரிக்காவில் 2-ஆம் இடம். எழுதியவர் பெயர் 'கிறிஸ்டோஃபர்' என்று இருக்கும். அது பாடகர் பிரின்ஸின் புனைபெயர். அந்த வாரம் முதலிடத்தில் நின்றது பிரின்ஸின் 'கிஸ்'.

2-ஆம் இடத்துக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலுக்கு 2-ஆம் இடம் ஐந்து முறை, முதலிடம் ஒருமுறைகூட இல்லை. ஃபாரினர் குழுவின் கதை இன்னும் பாவம்: 1981 நவம்பரிலிருந்து 10 வாரம் 2-ஆம் இடம். ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' நகரவே இல்லை. ஒருவழியாக அது இறங்கியது. அடுத்து இவர்கள்தானே? இல்லை. கீழே இருந்து ஹால் அண்ட் ஓட்ஸ் தாண்டி ஏறிவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றவனை இடித்துத் தள்ளிவிட்டு, கடைசியாக வந்தவன் ஏறிக்கொள்வான் பாருங்கள், அது.

எண் பொருத்தம் பார்ப்பவர்களுக்கும் தீனி உண்டு. பீட்டில்ஸில் இருந்த ஜான் லெனனின் '9 ட்ரீம்' 1975-இல் பில்போர்டில் ஏறிய உச்சம் 9-ஆம் இடம். லெனன் பிறந்தது அக்டோபர் 9. மகன் ஷான் பிறந்ததும் அக்டோபர் 9. என் அக்கா எண் கணிதம் நம்புகிறவள். "9 செவ்வாய் எண், பார்த்தியா" என்று கண்ணை உருட்டினாள். குண்டனைத் திறந்து காட்டினேன்: அதே பாட்டு பிரிட்டனில் 23. செவ்வாய் அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை. பிரின்ஸின் '7' அமெரிக்காவில் 7-ஆம் இடம் வரை போனது. சிகாகோ குழுவின் '25 ஆர் 6 டு 4' அங்கே 4-ஆம் இடம், பிரிட்டனிலோ 7. இரண்டு புத்தகமும் வைத்திருப்பதன் லாபம் இதுதான்: ஒன்று வியக்க வைத்தால் மற்றது தலையில் குட்டும்.

குட்டவே முடியாத ஒன்றும் உண்டு. 1958-இல் டாமி எட்வர்ட்ஸ் பாடி முதலிடம் பிடித்த 'இட்ஸ் ஆல் இன் த கேம்' பாட்டின் மெட்டு சார்ல்ஸ் டாவ்ஸ் போட்டது. 1911-இல் போட்ட மெட்டு. பிறகு அவர் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனார். 1925-க்கான அமைதி நோபலில் பங்கும் பெற்றார். மெட்டுக்குக் கார்ல் சிக்மன் சொற்கள் எழுதியது 1951-இல். டாவ்ஸ் இறந்ததும் அதே வருடம். நோபல் வாங்கிய ஒருவரின் பாட்டு பில்போர்டில் முதலிடம் என்பது இது ஒன்றுதான் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். 2016-இல் பாப் டிலனுக்கு நோபல் கொடுத்து அதைக் கெடுத்தார்கள். டிலன் எழுதி பேர்ட்ஸ் குழு பாடியது 1965-இல் முதலிடம். டிலன் தானே பாடிய எதுவும் அந்தச் சார்ட்டில் 2-ஐத் தாண்டியதில்லை.

சரி, நம் ஊர்? இதுதான் இரண்டு புத்தகங்களின் மேலும் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். தென்னாப்பிரிக்கச் சார்ட் இரண்டிலும் இல்லை. அதற்கு அப்பாவின் பள்ளி நோட்டுகள்தான் கதி. ஸ்பிரிங்பொக் ரேடியோவில் ஹிட் பரேட் என்ற பாட்டு வரிசை நிகழ்ச்சி கேட்டு வாராவாரம் எழுதுவார். தமிழ்ப் பாடசாலையோடு படிப்பு நின்றவர். அதனால் இங்கிலீஷ் பாட்டுப் பெயரெல்லாம் தமிழ் எழுத்தில். 'கிளிப் ரிச்சட்' என்று குண்டு குண்டாக எழுதியிருப்பார். 1966-க்குப் பிறகு சில வருடம் அந்த நோட்டுகளில் பீட்டில்ஸ் பெயரே கிடையாது. நான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தேன். காரணம் அரசு வானொலி. இயேசுவைவிட நாங்கள் பிரபலம் என்று லெனன் சொன்னதற்காக 1966-இல் அவர்கள் பாட்டைத் தடை செய்தார்கள். தடை 1971 வரை. பிரிட்டனில் எங்கெல்பர்ட் மோதி வென்றார். இங்கே மோதவே ஆள் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் புத்தகங்களில் இல்லாமல் இல்லை, தேடணும். 1939-இல் ஜோஹானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா பதிவு செய்த 'ம்புபே' 1961 டிசம்பரில் பில்போர்ட் முதலிடம் ஏறியது; ஆனால் டோக்கன்ஸ் குழுவின் பெயரில், 'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று. லிண்டா உரிமையை விற்றது 10 ஷில்லிங்குக்கு. 1962-இல் ஏழையாகவே இறந்தார். குடும்பத்துக்கு நியாயம் 2006-இல்தான். தடியனில் அவர் பெயரில் ஒரு வரி இல்லை.

ஹ்யூ மாசெக்கேலாவுக்கு இருக்கிறது. விட்பேங்கில் பிறந்தவர், நாடு கடந்து போய் 1968 ஜூலையில் 'கிரேசிங் இன் த கிராஸ்' வாசித்து முதலிடம். பின்பக்கத்தில் அவருக்கு மேலே உள்ள வரி ஹெர்ப் ஆல்பர்ட். அவரும் டிரம்பெட்காரர்! அடுத்தடுத்து இரண்டு டிரம்பெட்காரர்கள். இதில் ஆல்பர்ட் தன் பாட்டை வாய்விட்டுப் பாடியிருந்தார். மாசெக்கேலாதான் ஊதியே ஏறினார்.

2023 அக்டோபரில் பேத்தி போனை நீட்டினாள். "தாத்தா, டைலா பில்போர்டுக்குள்ள வந்துட்டா. நம்ம நாட்டுத் தனிப் பாடகர் ஒருத்தர் வந்து 55 வருஷமாச்சாம். கடைசியா வந்தது யாரோ ஹ்யூவாம்."

"யாரோ இல்ல. மாசெக்கேலா" என்றேன். தடியனைத் தூக்கி வந்து 'எம்' வரிசையைத் திறந்தேன். அவளுக்கு அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. 2024 ஜனவரியில் 'வாட்டர்' 7-ஆம் இடம் வரை ஏறியதும், என் பென்சிலைக்கூடக் கேட்காமல் மாசெக்கேலாவின் வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டாள். பெயர் வரிசைப்படி டைலா 'டி'யில் போகணும், இங்கே எழுதக் கூடாது என்று சத்தம் போட்டேன்.

"நீங்கதானே பக்கத்துல யாருன்னு பாக்கணும்னு சொல்வீங்க" என்றாள். பச்சைப் பேனா வேறு, அழிக்கவும் வழியில்லை.