ஏசிஎல் ரேஸ் சீரிஸ் எச்எக்ஸ் ராட் பேரிங்: இறுக்கமாக வந்த ஒரு 4ஜி63 எஞ்சினில் கண்டது

புரோட்டோன் வீராவுக்குள் மிட்சுபிஷி லான்சர் இவோ 3-இன் 4ஜி63 டர்போ எஞ்சினை இறக்குவது மலேசியாவில் புதிய செய்தி அல்ல. ஜப்பானிலிருந்து வந்து சேரும் ஹாஃப்-கட்டுகளில் (எஞ்சினோடு வெட்டியெடுத்த பழைய காரின் முன்பாதி) எத்தனையோ எஞ்சின்கள் இப்படி வேறு காருக்குள் குடியேறியிருக்கின்றன. என்னுடையதும் அப்படி வந்ததுதான். 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், 1997 சிசி கொண்ட அந்த எஞ்சினை முழுதாகப் பிரித்து, ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராடும் போட்டு, 7,500 ஆர்பிஎம் வரை அச்சமின்றி ஓட்டும்படி மறுபடி கட்டியபோது, கனெக்டிங் ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவே அமரும் ராட் பேரிங்கின் ஆயில் இடைவெளி எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக வந்தது. அதைச் சரிசெய்வதற்காக வாங்கிய ஏசிஎல் ரேஸ் சீரிஸ் எச்எக்ஸ் பேரிங் செட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. இறுக்கத்தைக் கிராங்க்கிலோ ராடிலோ கைவைத்துத் தளர்த்துவதைவிட, மாற்றக்கூடிய பொருளான பேரிங்கிலேயே தளர்த்துவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்தப் பேரிங், ஒவ்வொரு கிராங்க்பின்னையும் (கிராங்க்கில் ராட் பூட்டப்படும் உருளைப் பகுதி) தனித்தனியாக அளப்பவருக்கு மட்டுமே பயன்படும்.

இந்தக் காரில் இதற்கு முன்பிருந்த எஞ்சின், கட்டி முடித்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் இரண்டாவது ராட் பேரிங்கை இழந்தது. பிரித்துப் பார்த்தபோது மேல் ஷெல்லின் (பேரிங்கின் இரு அரைவட்டப் பாதிகளில் மேலுள்ளது) நடுப்பகுதியில் சாம்பல் நிற மேற்பூச்சு முழுவதும் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. எஞ்சினைக் கட்டிக் கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு, இடைவெளி தொழிற்சாலைக் கையேட்டின் கணக்குக்குள்தான் இருந்தது என்றார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 4ஜி63-க்குக் கையேடு தரும் அளவு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை, அதாவது 20 முதல் 50 மைக்ரான். 22 மைக்ரானும் கணக்குக்குள்தான். ஆனால் அந்தக் கணக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் எஞ்சினுக்கு உரியது.

பேரிங்கும் கிராங்க்பின்னும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் படலம் தாங்குவதோடு நிற்காமல், பக்கவாட்டில் வழிந்து வெளியேறும்போது பேரிங்கின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. இடைவெளி குறைந்தால் வழியும் ஆயில் குறையும், சூடு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், படலம் மெலியும். இதற்கு மேல், ஆர்பிஎம் ஏறும்போது பிஸ்டனின் இழுப்பில் ராடின் பெரிய துளை நெடுக்கில் நீண்டு, இரு பாதிகளும் சேரும் கோட்டருகே உள்நோக்கி ஒடுங்குகிறது. கிராங்க்கும் சிறிது வளைகிறது. நிற்கும் எஞ்சினில் அளந்த 25 மைக்ரான், 7,500 ஆர்பிஎம்மில் 25 மைக்ரானாக இருப்பதில்லை. எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: பின்னின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, கடுமையாக ஓட்டும் எஞ்சினுக்கு மொத்தத்தோடு மேலும் அரைப் பங்கு. 4ஜி63-இன் கிராங்க்பின் விட்டம் 45 மி.மீ. என்பதால் இந்தக் கணக்குப்படி 45 முதல் 58 மைக்ரான் வரை வருகிறது. நான் 50-ஐ ஒட்டிய அளவைக் குறியாக வைத்துக்கொண்டேன். அளவுக்கு மீறித் தளர்த்தினாலும் கேடுதான்; ஆயில் சுலபமாக வழிந்தோடி, சூடான ஐடிலில் பிரஷர் விழும், பாரம் தாங்கும் பரப்பும் சுருங்கும்.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பேரிங்கின் மதிப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது. கிராங்க், ராடுகள், மைக்ரோமீட்டர், துளையின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே குளிரூட்டிய அறையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் அளந்தோம். 45 மி.மீ. எஃகு, பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மைக்ரான் விரிகிறது. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே இருபது மைக்ரான்தான். கூட நின்று அளந்த பட்டறை அண்ணன், “தம்பி, ராடைக் கையிலேயே வச்சுக்கிட்டு பேசாதே, கீழே வை” என்று இரண்டு முறை அதட்டினார். அவர் சொன்னது சரி. உள்ளங்கைச் சூடு போதும், முள் நகர்ந்துவிடும்.

மைக்ரோமீட்டரைப் பின்னின் அளவுக்குப் பூட்டி, அதில் போர் கேஜைப் பூஜ்யம் செய்து, ஷெல் பொருத்தி முறைப்படி போல்ட் இறுக்கிய ராடுக்குள் விட்டுப் பார்த்தால், முள் காட்டுவதே இடைவெளி. இதை ராடின் நெடுக்கில்தான் அளக்க வேண்டும். ஷெல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டிருப்பதால், சேரும் கோட்டருகே அளப்பவருக்கு இல்லாத இடைவெளி இருப்பதாகத் தோன்றும். போல்ட்டையும், கடைசியாக எஞ்சினில் பூட்டும்போது எந்த லூப்ரிகன்டும் எந்த இறுக்கமும் கொடுப்போமோ அதே முறையில் இறுக்க வேண்டும், ஏனெனில் இறுக்கம் மாறினால் துளையின் வடிவமும் மாறுகிறது. பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கிப் பார்ப்பது, பெரிய தவறு ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள உதவும். ஐந்து மைக்ரானைப் பிரித்தறிய அது போதாது.

முதலில் வாங்கிவைத்திருந்தது ஏசிஎல்லின் எச் வகை ஸ்டாண்டர்ட் செட். அதைப் போட்டு அளந்தபோது முதல் பின் 28, இரண்டாவது 29, மூன்றாவது 36, நான்காவது 17 மைக்ரான் என்று வந்தது. நான்காவதை நம்ப மனம் வரவில்லை. கேப்பை (ராடின் பெரிய துளையின் கழற்றக்கூடிய கீழ்ப்பாதி) கழற்றி ஷெல்லின் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, மங்கலான எஃகுப் பரப்பின் நடுவே கடுகைவிடச் சிறிய ஒரு பளபளப்பான புள்ளி தெரிந்தது. கேப்பின் உட்பரப்பில் அதே இடத்தில், விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்து மீண்டும் பூட்டியதும் 28 மைக்ரான் காட்டியது. அளக்காமல் பூட்டியிருந்தால், அந்தத் துகள் ஒன்றே எஞ்சினை முடித்திருக்கும்.

இந்த நிலையில் மூன்று வழிகள் இருந்தன. கிராங்க்கை பாலிஷ் செய்து பின்னைக் குறைக்கலாம் என்று ஒரு லேத் பட்டறையில் சொன்னார்கள். பாலிஷ் என்பது பரப்பை வழவழப்பாக்கும் வேலை. அதை வைத்து 20 மைக்ரானுக்கு மேல் சுரண்டினால், பின் ஒரு முனையில் பெருத்தும் மறுமுனையில் சிறுத்தும் போகும் அபாயம் உண்டு. நான்கு பின்களும் ஒரே அளவில் நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. இரண்டாவது, ராடின் பெரிய துளையை ஹோன் செய்து அகலமாக்குவது. ஷெல்லின் இரு பாதிகளும் கேப்பின் விளிம்பைவிட இம்மியளவு நீண்டிருப்பதால்தான், இறுக்கும்போது வெளிநோக்கி அழுந்தித் துளையை இறுகப் பற்றுகின்றன. துளையை வரம்பு மீறிப் பெரிதாக்கினால் அந்தப் பிடிப்பே தளர்ந்துவிடும். ஷெல்லின் உட்பரப்பை எமரி தாளால் தேய்ப்பதைச் சிலர் செய்கிறார்கள். மிக மெல்லிய மேற்பூச்சு கொண்ட பேரிங்கில் அது தேய்மானத்தைக் கையாலேயே தொடங்கிவைப்பதாகும், அதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

மூன்றாவது வழி எச்எக்ஸ். டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரைச் சேர்ந்த ஏசிஎல், தன் ரேஸ் சீரிஸில் எச் வகையையும், அதே பேரிங்கைக் கூடுதல் ஆயில் இடைவெளியோடு எச்எக்ஸ் என்றும் தருகிறது. எஃகு முதுகு, அதன்மேல் செம்பு-ஈய அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மென்மையான பூச்சு என்ற அமைப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை; எச்எக்ஸ் ஷெல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.5 மைக்ரான் மெலிந்திருப்பதால், ஒரு ஜோடியில் மொத்தம் 25 மைக்ரான் இடைவெளி கூடுகிறது. நான் அளந்தபோது முதல் பின் 52, இரண்டாவது 53, நான்காவது 52 மைக்ரான் என்று வந்தன. கிராங்க்கில் ஒரு கீறல்கூட இடாமல், ராடைத் தொடாமல், குறிவைத்த இடத்துக்கு மூன்று பின்கள் வந்துவிட்டன.

மூன்றாவது பின்னில் முழு எச்எக்ஸ் போட்டால் 60 மைக்ரானைத் தொட்டது. அந்தப் பின் முன்பே யாரோ பாலிஷ் செய்ததால் சற்றுச் சிறுத்திருந்தது. அங்கே ஒரு பாதி எச், ஒரு பாதி எச்எக்ஸ் என்று கலந்து பூட்டியதில் 48 வந்தது. இப்படிக் கலப்பது ஒட்டுவேலை அல்ல, எஞ்சின் கட்டும் தொழிலில் ஏற்கப்பட்ட முறை. ஆனால் இரு நிபந்தனைகள் உண்டு: இரு ஷெல்களின் தடிமன் வேறுபாடு 13 மைக்ரானைத் தாண்டக் கூடாது, ஒரே நிறுவனத்தின் ஒரே சீரிஸாகவும் இருக்க வேண்டும். ராடில் தடித்த ஷெல் மேல்பாதியிலும் மெலிந்தது கேப்பிலும் வர வேண்டும். கிராங்க்கை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் இது தலைகீழாகி, தடித்தது கீழே வரும். எரிதலின் பாரம் விழும் பக்கத்தில் தடித்த ஷெல் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

10டபிள்யூ-40 ஆயில் ஊற்றி ஓடவிட்டதில், நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் 1.3 பாரும் 6,000 ஆர்பிஎம்மில் 5 பாருக்குச் சற்று மேலும் பிரஷர் நின்றது. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன்; மின்னும் துகள் எதுவும் இல்லை. அதன் பிறகு சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுவதும் ஓட்டினேன். 5.543 கிலோமீட்டர் சுற்றில் இரு நீண்ட நேர்பாதைகளிலும் ஆயில் சூடும் பிரஷரும் நிலையாக நின்றன. நீண்ட வளைவுகளில்கூட முள் தளரவில்லை, அதற்கு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் வைத்த தடுப்புத் தகடுகளும் காரணம்.

அன்றாடம் வேலைக்குப் போய்வரும், தொழிற்சாலை நிலையிலுள்ள எஞ்சினுக்கு, அதிலும் நீர்த்த 5டபிள்யூ-30 ஆயில் ஊற்றுபவருக்கு, இந்தப் பேரிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே 40 மைக்ரான் உள்ள எஞ்சினில் இதைப் போட்டால் 65-இல் போய் நிற்கும். “ரேஸ் எஞ்சின் என்றால் எச்எக்ஸ்” என்று அளக்காமலேயே வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் ஒரு நல்ல போர் கேஜில் செலவிடலாம். கேஜின் முனை மென்மையான பூச்சின்மேல் மெல்லிய கோடு போடும் என்பதால், ஷெல்லுக்குள் அதை இழுத்து விளையாடாமல், ஒரே இடத்தில் மெதுவாக அசைத்துப் படிக்கவும் பழக வேண்டும்.

சிப்பாங்கிலிருந்து திரும்பிய வாரம், மனம் கேட்காமல் சம்ப்பை இறக்கி, கலந்து பூட்டிய மூன்றாவது ராடின் கேப்பை மட்டும் கழற்றிப் பார்த்தேன். இரு பாதிகளிலும் பூச்சு ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவில் பளபளப்போ ஓரத்தில் உரசலோ இல்லை, மேல் ஷெல்லில் நான் கேஜால் போட்ட மெல்லிய கோடுகூட அழியாமல் அப்படியே தெரிந்தது.