இரண்டு ஊசியா, ஒரு கொக்கியா?

நூலை இரண்டு ஊசிகளால் பின்னுவது நிட்டிங், ஒற்றைக் கொக்கியால் பின்னுவது குரோஷே. இரண்டில் நிட்டிங்தான் மூத்தது. எகிப்தில் கிடைத்த பழைய பருத்திக் காலுறைகளில் நீலமும் வெள்ளையுமாக அரபு எழுத்துகளைக்கூடப் பின்னியிருக்கிறார்கள். 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்ன இயந்திரமே செய்துவிட்டார். குரோஷே பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் அந்த ஒற்றைக் கொக்கியால் லேஸ் பின்னி விற்றுக் குடும்பம் காத்தார்கள். எனக்கு மனம் நெகிழ்வது அங்கேதான்.

கையில் எடுத்தால் வித்தியாசம் புரியும். நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் (நூல் வளையங்கள்) முழுவதும் ஊசியில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் ஏணிபோலக் கீழே வரை பிரியும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான். தப்பானால் பிரித்துவிட்டு, அப்புறம் தொடரலாம். பழக அதுவே சுலபம். இழுபட வேண்டிய காலுறைக்கும் ஸ்வெட்டருக்கும் நிட்டிங்தான் சரி.